நிலக்கிழார் விளையாட்டும் சமூக அறிவியல் கற்பித்தலும்

முன்னுரை

நிலம், வாடகை, வரி, செல்வப் பகிர்வு ஆகிய கருத்துகளைச் சமூக அறிவியல் பாடத்தில் மாணவர் பெரும்பாலும் வரையறைகளாகவே மனனம் செய்கின்றனர். அவற்றை விளையாட்டின் வழி உணர்த்தும் முயற்சி நூறாண்டுகளுக்கு மேற்பட்ட பழமையுடையது. பரமபதம் பாவ புண்ணியங்களை உணர்த்துவதாயினும், அதில் ஏற்றத்தையும் இறக்கத்தையும் பகடையே முடிவு செய்கிறது. ஆடுவோர் தாமே எண்ணி முடிவெடுக்க இடமளிப்பதே சிந்தனை விளையாட்டாகும். அவ்வகையில் அமெரிக்காவில் எலிசபெத் மேகி உருவாக்கிய ‘தி லேண்ட்லார்ட்ஸ் கேம்’ என்னும் நிலக்கிழார் விளையாட்டின் வரலாற்றை இக்கட்டுரை ஆராய்கிறது.

தோற்றமும் நோக்கமும்

ஹென்றி ஜார்ஜ் 1879இல் வெளியிட்ட ‘முன்னேற்றமும் வறுமையும்’ என்னும் நூல், நிலத்தின் மதிப்பு சமுதாய வளர்ச்சியால் உயர்வதால் அதன் வருவாய் சமுதாயத்திற்கே உரியது என வாதிட்டது. நிலமதிப்பின் மீது மட்டுமே வரி விதித்தல் போதும் என்பது அவர் கொள்கை. சுருக்கெழுத்தாளராகப் பணியாற்றிய மேகி, இக்கொள்கையைப் பரப்பவே விளையாட்டை அமைத்து, 1904 ஜனவரி 5 அன்று காப்புரிமை பெற்றார். சதுரப் பலகையைச் சுற்றிவரும் ஒவ்வொரு முறையும் ஆடுபவருக்குக் கூலி கிடைக்கும். நிலம் வாங்கியவர் பிறரிடம் வாடகை பெறுவார். ஆட்டம் நீள நீளச் செல்வம் சிலரிடம் குவிய, ஏனையோர் கடனாளியாவர்.

வகுப்பறைப் பயன்பாடு

பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் பொருளியல் கற்பித்த ஸ்காட் நியரிங் இதனைத் தம் மாணவரிடம் கொண்டுசென்றார். குழந்தைத் தொழிலாளர் முறையை வெளிப்படையாக எதிர்த்த அவர் 1915இல் பணியிலிருந்து நீக்கப்பட்டார். எனினும் விளையாட்டு நிற்கவில்லை. மாணவரும் நண்பர்களும் பலகையைக் கையால் வரைந்து, தத்தம் ஊர்த் தெருப்பெயர்களை எழுதி ஆடிவந்தனர்.

விதி மாற்றமும் பாட மாற்றமும்

நிலவாடகை தனிமனிதரைச் சேராது பொதுக் கருவூலத்தைச் சேரும் மற்றொரு விதித்தொகுப்பையும் மேகி வகுத்திருந்தார். இரண்டையும் ஒப்பிட்டு ஆடுவோர் உண்மை உணர்வர் என்பது அவர் கருத்து. ஆனால் கைமாறிப் பரவியபோது, பிறரை வறியவராக்கி வெல்லும் விதியே நிலைத்தது. அவ்வடிவத்தையே சார்லஸ் டாரோ என்பவரிடமிருந்து பார்க்கர் பிரதர்ஸ் நிறுவனம் 1935இல் பெற்று, ‘மோனோபொலி’ எனப் பெருமளவில் விற்றது. அதே ஆண்டில் மேகியின் காப்புரிமையையும் 500 டாலருக்கு வாங்கிக்கொண்டது. முற்றுரிமையின் தீமையைக் காட்ட எழுந்த விளையாட்டு, முற்றுரிமையின் இன்பத்தைக் காட்டுவதாயிற்று. ரால்ஃப் ஆன்ஸ்பாக் என்னும் பொருளியல் பேராசிரியர் 1970களில் தொடங்கி நடத்திய வழக்கின் வாயிலாகவே மேகியின் பங்கு மீண்டும் வெளிப்பட்டது. இந்தியச் சிறுவர் ‘பிசினஸ்’, ‘டிரேட்’ என்னும் பெயர்களில் ஆடுவனவும் இம்மரபினவே.

முடிவுரை

விளையாட்டின் பாடம் பலகையில் இல்லை. விதியில் உள்ளது என்பதை இவ்வரலாறு காட்டுகிறது. ஆடுவதோடு நிறுத்தும் வகுப்பு வெல்லுதலை மட்டுமே கற்கும். இருவகை விதிகளிலும் ஆடச் செய்து, இவ்விதியை வகுத்தவர் யார், பயனடைவோர் யார் என வினவுமிடத்தேதான் சமூக அறிவியல் தொடங்குகிறது. மேலும், ஆட்டத் தொடக்கத்தில் அனைவர் கையிலும் ஒரே தொகை உள்ளது, வாழ்க்கையில் அவ்வாறில்லை. பரம்பரைச் சொத்தும் சாதியும் பலகையில் இடம்பெறுவதில்லை. பலகை காட்டாத இவ்வேறுபாட்டை மாணவர் கண்டு கூறச் செய்தலே ஆசிரியரின் பணியாகும்.