சுண்ணாம்புக் கம்பமும் தேங்காய் மட்டையும்



ஜாலான் புசாரிலிருந்து குறுக்குத் தெருக்களில் ஏதேனும் ஒன்றைப் பிடித்து மேற்கே நடந்தால் சில நிமிடங்களில் சிராங்கூன் சாலையை அடைந்துவிடலாம். அங்கே கோயில் கொண்டிருக்கும் வீரமாகாளியம்மனை வணங்காத தமிழர் இவ்வூரில் குறைவு. ஆனால் அக்கோயிலுக்கு முற்காலத்தில் 'சுண்ணாம்புக் கம்பத்துக் கோயில்' என்றொரு பெயர் வழங்கியதை அறிந்தோரும் குறைவே. கம்பம் என்பது மலாய் மொழியின் கம்போங், அதாவது சிற்றூர். அவ்வட்டாரத்தில் சுண்ணாம்புக் காளவாய்கள் இருந்தமையால் வந்த பெயர் அது.

வகுப்பில் இதைச் சொன்னபோது ஒரு மாணவன், "இவ்வளவு சுண்ணாம்பும் வெற்றிலைக்கா, ஆசிரியரே?" என்று கேட்டான். அவன் மீது பிழையில்லை. சுண்ணாம்பை வெற்றிலைத் தட்டில் மட்டுமே கண்ட தலைமுறை அது. சிமெண்ட் வருவதற்கு முன் கல்லையும் செங்கல்லையும் பிணைத்தது சுண்ணாம்புதான் என்பதிலிருந்து தொடங்க வேண்டியிருந்தது.

அச்சுண்ணாம்பு என்ன ஆயிற்று என்பதற்கு மிகச் சிறந்த சான்று நகர மையத்தில் இருக்கும் புனித ஆண்ட்ரூ தேவாலயம். முதலில் அவ்விடத்தில் இருந்த தேவாலயம் இருமுறை மின்னல் தாக்குண்டு, 1852இல் மூடப்பட்டு, பின்னர் இடிக்கப்பட்டது. புதிய கட்டடத்தின் வரைபடத்தைத் தந்தவர் கர்னல் ரொனால்டு மெக்ஃபர்சன். 1856இல் அடிக்கல் நாட்டி, 1861இல் முதல் வழிபாடு நடத்தினர். கட்டியவர்கள் இந்தியாவிலிருந்து நாடு கடத்தப்பட்ட தண்டனைக் கைதிகள். 1825 முதல் இத்தீவுக்குக் கொண்டுவரப்பட்டவர்கள் அவர்கள். சென்னை மாகாணத்தாரும் வங்காளத்தாரும் அவர்களுள் இருந்தனர்.

அவர்களை மேற்பார்த்த மேஜர் மெக்நேர், 1899இல் வெளியான தம் நூலில் உட்சுவர்ப் பூச்சின் செய்முறையை எழுதி வைத்திருக்கிறார். மணல் சேர்க்காத கிளிஞ்சல் சுண்ணாம்பு. முட்டை வெண்கருவும் வெல்லமும் சேர்த்து அடித்த குழம்பு. இவற்றைக் கலக்கத் தேங்காய் மட்டைகளை ஊறவைத்த நீர். பூசிக் காய்ந்தபின் படிகக் கல்லாலோ உருண்டைக் கல்லாலோ தேய்த்து, இடையிடையே மாக்கல் பொடி தூவி மெருகேற்றினர். சென்னைச் சுண்ணாம்புச் சாந்து என்று உலகறிந்த கலவை இதுவே.

இங்கே ஓர் எச்சரிக்கையும் வேண்டும். நம்மில் சிலர் இச்செய்தியைக் கேட்டவுடன், "அன்றே நம் முன்னோர் இயற்கைக் கான்கிரீட் கண்டுபிடித்தனர்" என்று மேடையேறிவிடுகின்றனர். அது பூச்சுச் சாந்து. சுமை தாங்கும் பொருள் அன்று. சுமை தாங்கிய கலவையைத் தேடுவோர் நிமிர்ந்து கூரையைப் பார்க்க வேண்டும். பழைய சென்னை வீடுகளின் மச்சுக் கூரையில் மரக்கட்டைகளின் மேல் செங்கற்களைக் குத்துக்கல்லாக அடுக்கி, அதன்மேல் உடைந்த செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து இடித்து இறுக்கினார்கள். சூளையில் வீணான செங்கல்லும் இடிந்த வீட்டுச் செங்கல்லும் அதில் கரைந்தன. சுட்ட செங்கல்லைப் பொடித்துச் சுர்க்கி என்ற பெயரில் சுண்ணாம்போடு சேர்ப்பதும் உண்டு. வெறும் சுண்ணாம்பு காற்றுப் பட்டுத்தான் மெல்ல இறுகும். இப்பொடி சேர்ந்தால் ஈரத்திலும் இறுகும். காரணம், சுட்ட களிமண்ணில் உள்ள சிலிக்கா சுண்ணாம்போடு வினைபுரிந்து கல் போன்ற புதுப் பொருளாவதே. ரோமானியர் எரிமலைச் சாம்பலைக் கொண்டு செய்ததும் இதுதான்.

இக்காலத்துச் சிமெண்டும் நீர் பட்டு இறுகும்போது சிறிது சுண்ணாம்பை வெளியிடுகிறது. அதனுடன் சேரச் சிலிக்கா கிடைத்தால் கான்கிரீட் இன்னும் நெருக்கமாகும், நீர் புகாது. அந்தச் சிலிக்கா நம் வயலிலேயே கிடைக்கிறது. ஆயிரம் கிலோ நெல்லில் ஏறத்தாழ 200 கிலோ உமி. அதை எரித்தால் ஏறத்தாழ 40 கிலோ சாம்பல். அச்சாம்பலில் பெரும்பகுதி சிலிக்கா. ஆனால் எரிக்கும் சூடு மிகுந்தால் சிலிக்கா படிகமாகி வினைபுரியும் ஆற்றலை இழந்துவிடும். ஆகவே அரிசி ஆலைக்குப் பின்னால் குவித்துக் கொளுத்திய சாம்பல் எல்லாம் வீடு கட்ட உதவாது. அளவான சூட்டில் எரித்துப் பயன்படுத்தும் வழியை 1970களில் ஆராய்ந்தவர்களுள் முதன்மையானவர் கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் குமார் மேத்தா.

அவர் பெயர் ஒரு சிவன் கோயிலோடும் சேர்ந்திருக்கிறது. ஹவாயின் கவாய் தீவில் கணபதி ஸ்தபதியார் வடிவமைத்த இறைவன் கோயிலுக்கு 1999இல் அடித்தளம் வார்த்தனர். ஆயிரம் ஆண்டு நிற்க வேண்டும் என்பது கோரிக்கை. இரும்புக் கம்பி துருப்பிடித்துப் பெருத்துக் கான்கிரீட்டைப் பிளக்கும். எனவே மேத்தா கம்பியே இல்லாமல், சிமெண்டில் பாதிக்கு மேல் குறைத்து, அவ்விடத்தை நிலக்கரி ஆலைச் சாம்பலால் நிரப்பினார். சிமெண்ட் குறைந்ததால் இறுகும்போது எழும் வெப்பமும் குறைந்தது. வெடிப்புக்கு அஞ்ச வேண்டியிருக்கவில்லை. அக்கோயிலுக்கு 2023இல் குடமுழுக்கு நடந்தது. கருங்கல் கோயிலுக்கு அடியில் ஆலைக் கழிவு இருப்பது சிலருக்கு உறுத்தலாம். திருநீறும் சாம்பல்தானே என்று எண்ணிக்கொண்டேன்.

சிங்கப்பூருக்கு இது வெறும் ஆர்வச் செய்தி அன்று. 2007இன் தொடக்கத்தில் இந்தோனேசியா மணல் ஏற்றுமதியை நிறுத்தியபோது இங்குக் கட்டுமானத்துறை திகைத்துப்போனது. மணலும் இல்லை, மலையும் இல்லை. பழைய கட்டடங்கள் மட்டும் உண்டு. அதன்பின் இடிபாட்டுக் கான்கிரீட்டை உடைத்து மீண்டும் ஜல்லியாக்கும் முயற்சி வேகம் பெற்றது. 2010இல் கிராஞ்சியில் சம்வோ நிறுவனம் எழுப்பிய மூன்று மாடிக் கட்டடத்தில் இம்மீள்ஜல்லியின் பங்கை 100 விழுக்காடு வரை உயர்த்திப் பார்த்தனர். பழைய சாந்து ஒட்டிய ஜல்லி நீரை மிகுதியாக உறிஞ்சும் என்பதால் கலவையில் கவனம் வேண்டும்; அதைக் கற்றுக்கொண்டார்கள். எனினும் இன்றும் பெரும்பாலான இடிபாடு சாலைக்கு அடித்தளமாகவே போகிறது.

இப்பாடத்தை நடத்திய பிறகு ஒரு பெற்றோர் என்னிடம் சற்று மனத்தாங்கலோடு பேசினார். "கைதிகளைப் பற்றிப் பிள்ளைகளுக்கு ஏன் சொல்ல வேண்டும்? நாம் வணிகர்களாகவும் வந்தோமே, அதைச் சொல்லுங்கள்" என்றார். 1819இல் ராஃபிள்ஸோடு வந்து செங்கல் சூளை வைத்த நாராயண பிள்ளையைப் பற்றியும் சொல்லித்தான் இருந்தேன். ஆனால் அவர் பெயர் நமக்குக் கிடைத்திருக்கிறது, தேவாலயத்து ஆசான்களின் பெயர்கள் கிடைக்கவில்லை. எந்தக் குற்றத்துக்காக வந்தார்கள் என்பதைவிட, மட்டையை எத்தனை நாள் ஊறவைக்க வேண்டும் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது என்பதே என் வகுப்புக்கு வேண்டிய செய்தி. அவர் முழுவதும் உடன்படவில்லை. மகளை அழைத்துக்கொண்டு தேவாலயத்துக்குப் போய்ப் பார்க்கிறேன் என்று மட்டும் சொன்னார்.

எங்கள் வட்டாரத்தில் நான்கு வண்ணங்களில் நின்ற ரோச்சோர் சென்டர் அடுக்குமாடிகளைப் பலரும் நினைவில் வைத்திருப்பீர்கள். வடக்கு-தெற்குப் பெருவழிக்காக 2016இல் குடியிருந்தோர் வெளியேறினர். பின்னர் அவை இடிக்கப்பட்டன. அங்கே பிறந்து வளர்ந்த மாணவி ஒருத்தி பாடத்தின் முடிவில் எழுந்து, "அப்படியானால் எங்கள் வீடு இப்போது ஏதாவதொரு சாலைக்கு அடியில் இருக்குமா?" என்று கேட்டாள்.

இருக்கலாம் என்றேன். எந்தச் சாலை என்று அவள் விடாமல் கேட்டுக்கொண்டே இருந்தாள்.