பூனைக்கும் டால்ஃபினுக்கும் என்ன சம்பந்தம்?

டால்ஃபின் கரை ஒதுங்கிச் செத்துக் கிடந்தா நமக்கு முதல்ல தோணுறது வலை, கப்பல், பிளாஸ்டிக். பூனைன்னு யாருக்காவது தோணுமா? எனக்கும் தோணினதில்லை.

கொஞ்சம் பின்னாடி போவோம். 1908. துனிஸ் நகரத்து பாஸ்டர் நிறுவனத்தில் நிக்கோல், மான்சோ என்ற இருவர், எலி மாதிரியான ஒரு பாலைவனப் பிராணியின் உடலில் பிறை வடிவ ஒட்டுண்ணி ஒன்றைக் கண்டார்கள். (அந்தப் பிராணியின் பெயரைத் தமிழில் எழுதினால் வேற அர்த்தம் வந்துடும், விடுங்க!) அதே வருஷம் பிரேசிலில் ஸ்ப்ளெண்டோரே முயலில் கண்டார். அதுதான் டாக்ஸோபிளாஸ்மா.

ஆனா இது எப்படிப் பரவுதுன்னு முழுசாத் தெரிய 60 வருஷத்துக்கு மேல ஆச்சு. சரியா வேகாத கறி ஒரு வழின்னு தெரிஞ்சது. அப்போ கறியே சாப்பிடாதவங்களுக்கு எப்படி வருது? 1965இல் ஸ்காட்லாந்தின் ஹட்சிசன், பூனை மலம் வழியாப் பரவுதுன்னு காட்டினார். பூனையின் குடல்புழு முட்டைக்குள்ள ஒளிஞ்சு வருதுன்னு நினைச்சார். அது தப்பு. 1970வாக்கில் விடை கிடைச்சது: மலத்தில் வருவது இந்த ஒட்டுண்ணியின் சொந்த முட்டைக்கூடுதான். பூனைக் குடும்பத்தின் குடலில் மட்டுமே அது உருவாகும். ஒரு பூனை லட்சக்கணக்கில் வெளியேற்றும். ஈரமண்ணில் ஒரு வருஷத்துக்கு மேலயும் உயிரோட இருக்கும். குளோரினுக்கும் அசையாது.

இப்போ நியூசிலாந்து. வௌவால் தவிர பூர்வீகத் தரைவாழ் பாலூட்டியே இல்லாத நாடு. பூனை அங்கே 18ஆம் நூற்றாண்டில் ஐரோப்பியக் கப்பல்களில் வந்து இறங்கியது. மழை அதன் மலத்தை ஆற்றுக்கும், ஆறு கடலுக்கும் கொண்டு போகுது.

2013இல் வெளியான மாஸி பல்கலைக்கழக ஆய்வில், இறந்த ஹெக்டர் வகை டால்ஃபின்கள் 28ஐப் பரிசோதித்தார்கள். 7 இறந்தது இந்த ஒட்டுண்ணியால். அதில் மாவி என்ற அரிய உட்பிரிவு 3. அவற்றில் 2 இதற்கே பலி.

கர்ப்பிணிகள் பயந்து பூனையைத் துரத்த வேண்டாம். மலத்தட்டை வேற யாராவது தினமும் சுத்தம் பண்ணட்டும். வெளியே வந்த முட்டைக்கூடு தொற்றும் நிலைக்கு வர குறைந்தது ஒரு நாளாவது ஆகும். கறியை நல்லா வேக வைங்க, கீரையை நல்லாக் கழுவுங்க. கருவில் இருக்கும் குழந்தையின் மூளையையும் கண்ணையும் இது தாக்கலாம், அதனாலதான்.

மாவிக்கு வலையும் எமன்தான், பூனை மேல மட்டும் பழி போட்டு மீன்பிடிப்பை விட்டுட முடியாது. ஒரு வயசைத் தாண்டின மாவிகள், 2021 மதிப்பீட்டில் ஏறக்குறைய 54. தாய் ஈனுவது 2 முதல் 4 வருஷத்துக்கு ஒரே ஒரு குட்டி.