நாலு கொண்டைக்கிளிகளும் ஒரு கடதாசியும்

எங்கள் கட்டடத்தின் கீழ்மாடியில் நாலு கிழடுகள் இருக்கின்றன. மனிதர்களைச் சொல்லவில்லை, கொக்கட்டூக்களைச் சொல்கிறேன். வெள்ளைக் கொண்டைக்கிளி என்றால் நம்மவருக்கு விளங்கும். அவற்றின் சொந்தக்காரர் 84 வயது டெனிஷ்காரர், முன்பு கப்பலில் சமையல்காரராக இருந்தவர். அவருக்குக் கால் ஏலாமல் போனதிலிருந்து, ஆறு வருடமாகக் காலையில் கூடு துப்பரவாக்கிச் சாப்பாடு வைப்பது நான்தான். இஷொய்க்கு வருகிறவர்கள் கடற்கரைக்கும் ஆர்க்கன் நூதனசாலைக்கும் போவார்கள், இந்த மனுசன் கிளிக்கூட்டுக்குப் போகிறார் என்று மனிசி பகிடி பண்ணுவாள்.

போன மாதம் அவர் என்னை இருத்தி வைத்துக் கேட்டார். "நான் முதியோர் இல்லத்துக்குப் போனால் இவற்றை நீ எடுப்பாயா?" (டெனிஷில் எல்லோருக்கும் எல்லோரும் 'நீ'தான்.)

எனக்கு 66 வயது. உடனே பதில் சொல்ல முடியவில்லை. யோசித்துச் சொல்கிறேன் என்று மேலே வந்துவிட்டேன். அன்றிரவு தொடங்கி இந்தப் பறவைகளின் வரலாற்றைத் தேடித் தேடி வாசித்தேன். வாசித்ததில் சிலதை உங்களோடும் பகிர்ந்துகொள்கிறேன்.

முதலில் பெயர். மலாய் மொழியின் 'காக்காதுவா'தான் ஒல்லாந்தர் வாயில் ஏறி ஐரோப்பா முழுக்கப் பரவியது. டெனிஷில் எழுதும்போது அந்தச் சொல்லின் பின்பாதி 'புறா' என்றாகிவிடுகிறது! புறாவுக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. இவற்றின் ஊர் அவுஸ்திரேலியா, நியூகினி, கிழக்கு இந்தோனேசியத் தீவுகள், பிலிப்பைன்ஸ், சொலமன் தீவுகள். இலங்கையிலோ இந்தியாவிலோ காட்டில் இவை இல்லை.

ஐரோப்பாவுக்கு வந்த கொக்கட்டூக்களில் நமக்குத் தெரிந்த மிகப் பழையது, சிசிலியை ஆண்ட பேரரசர் இரண்டாம் பிரெடரிக்கிடம் இருந்தது. வல்லூறு வேட்டை பற்றி அவர் எழுதுவித்த நூலில் ஒரு வெள்ளைக் கொக்கட்டூவின் படங்கள் நாலு இருக்கின்றன. 1240களைச் சேர்ந்த அந்தக் கையெழுத்துப் பிரதி இப்போது வத்திக்கான் நூலகத்தில் இருக்கிறது. பறவையை அனுப்பியவர் எகிப்து சுல்தான் அல் காமில். அவுஸ்திரேலிய, பின்லாந்து ஆய்வாளர்கள் 2018இல் இதை விரிவாக எழுதியபோதுதான் உலகம் திரும்பிப் பார்த்தது. நியூகினிப் பக்கத்தில் பிடிபட்ட ஒரு பறவை, தீவு தீவாக, வியாபாரி வியாபாரியாகக் கெய்ரோவுக்குப் போய், அங்கிருந்து சிசிலிக்குப் போயிருக்கிறது. எத்தனை கை மாறியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

அடுத்தது சிட்னியின் 'கொக்கி பென்னெற்'. 1916இல் செத்தபோது அதற்கு 120 வயதளவில் என்றார்கள். பிறப்புப் பதிவு இல்லாத பறவை, ஆகவே அந்தக் கணக்கை நான் சத்தியம் பண்ண மாட்டேன். ஆனால் அது கடந்து வந்த வழி சுவையானது. ஒரு கப்பல் தலைவரோடு பல காலம் கடலில் திரிந்தது. அவர் செத்த பிறகு உறவினரிடம் போனது. கடைசியில் ஒரு தங்குவிடுதியின் சொந்தக்காரியான திருமதி பென்னெற்றிடம் வந்து சேர்ந்தது. படத்தில் பார்த்தால் உடம்பில் இறகே இல்லை, அலகு வளைந்து நீண்டு கிடக்கிறது. முதுமை என்று அன்று நினைத்தார்கள். அலகையும் இறகையும் தாக்கும் வைரஸ் நோயாக இருக்கலாம் என்று இன்று சொல்கிறார்கள்.

பதிவோடு நிரூபிக்கப்பட்ட வயது சிக்காகோவின் 'குக்கி'யுடையது. 1934இல் புரூக்ஃபீல்ட் மிருகக்காட்சிச்சாலை திறந்தபோது, ஒரு வயதில் சிட்னியிலிருந்து வந்தது. 2016 ஓகஸ்டில், 83 வயதில் செத்தது. தொடக்கத்தில் இருந்த விலங்குகளில் கடைசியாக மிஞ்சியதும் அதுதான். முதல் 40 வருடம் வெறும் விதைகளையே கொடுத்ததால் எலும்பு தேய்ந்துவிட்டது என்கிறார்கள். 2009இல் சனங்களின் பார்வையிலிருந்து எடுத்து, அமைதியான இடத்தில் வைத்துப் பார்த்தார்கள். பறவைக்கும் ஓய்வூதியம்!

இதை வாசித்துவிட்டு எல்லாக் கொக்கட்டூவும் 80 வருடம் வாழும் என்று நினைத்துவிடாதீர்கள். 2022இல் வந்த ஓர் ஆய்வு, மிருகக்காட்சிச்சாலைகளில் இருந்த 130,000க்கும் மேற்பட்ட கிளியினப் பறவைகளின் பதிவுகளைப் பார்த்தது. எங்கள் ஓடென்ஸ பல்கலைக்கழக ஆய்வாளர்களும் அதில் இருந்தார்கள். மஞ்சள் கொண்டையுள்ள பெரிய கொக்கட்டூவின் சராசரி ஆயுள் அதில் 25 வருடம்தான். நீண்டு வாழ்வது சிலது. ஆனால் கீழ்மாடியில் இருக்கும் நாலும் அந்தச் சிலதில்தான் சேர்த்தி.

அவை எப்படி வந்தன? 1970களிலும் 80களிலும் இந்தோனேசியத் தீவுகளில் காடு வெட்டியபோது, கொக்கட்டூக்களை ஆயிரக்கணக்கில் பிடித்து ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் ஜப்பானுக்கும் ஏற்றினார்கள். வழியில் செத்தவை ஒரு புறம். பிறகு கதவுகள் ஒவ்வொன்றாகச் சாத்தப்பட்டன. அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கை 1981இல் ஏறக்குறையக் கிளியினம் முழுவதையும் பட்டியலில் சேர்த்தது. சல்மன் நிறக் கொண்டையுள்ள மொலுக்கன் இனத்தை 1989இலும், சிறிய மஞ்சள் கொண்டை இனத்தை 2005இலும் மிகக் கடுமையான பட்டியலுக்கு ஏற்றினார்கள். பறவைக் காய்ச்சல் பயத்தில் 2005இல் ஐரோப்பிய ஒன்றியம் காட்டுப் பறவை இறக்குமதியை இடைநிறுத்தி, 2007இல் நிரந்தரமாகவே தடை செய்தது.

இதன் பொருள் என்ன? காட்டில் பிறந்து, சட்டப்படி இங்கே வந்து, இன்றும் ஐரோப்பிய வீடுகளில் உயிரோடு இருக்கும் கொக்கட்டூ எதுவும் இளசில்லை. அவற்றை வாங்கியவர்களும் இளைஞர்களில்லை. கீழ்மாடிக்காரர் தன் பறவைகளை 1984க்கும் 1986க்கும் இடையில் வாங்கினார். நான் டென்மார்க்கில் இறங்கியதும் 1986இல்தான். கடைப் பற்றுச்சீட்டுகளை ஒரு பிஸ்கற் தகரத்தில் இன்னும் வைத்திருக்கிறார். சட்டப்படி வந்தவை என்று காட்ட அவைதான் ஆதாரம். கடதாசியின் அருமை எனக்கு யாரும் சொல்லித் தரத் தேவையில்லை.

வயது போன பறவையோடு இருப்பது படத்தில் பார்ப்பது போல இல்லை. மொலுக்கனுக்கு ஒரு கண்ணில் வெண்புரை. அதனால் சாப்பாட்டுக் கிண்ணத்தை இடம் மாற்றக்கூடாது. இன்னொன்றுக்கு மூட்டுவாதம், இருக்கும் தடியைத் தாழ்த்தித் துணி சுற்றி விட்டிருக்கிறேன். சூரியகாந்தி விதையைக் குறைத்து மரக்கறியும் கிளித்தீன் வில்லைகளும் பழக்க ஒரு வருடம் பிடித்தது. இங்கத்தைய மாரியில் வெயில் இல்லாததால் புற ஊதாக் கதிர் விளக்குப் போடவேண்டும், இல்லாவிட்டால் எலும்புக்குக் கூடாது. அவக்காடோ நஞ்சு. ஒட்டாத சட்டி அளவுக்கு மீறிச் சூடேறினால் வரும் புகையே கிளியைக் கொன்றுவிடும். இறகிலிருந்து மா மாதிரி வெள்ளைத் தூள் நாள் முழுக்கக் கொட்டும், சுவாசப்பைக்குக் கூடாது. பின்னேரத்தில் நாலும் சேர்ந்து கத்தினால் மூன்றாம் மாடிக்குக் கேட்கும். மஞ்சள் கொண்டைகள் இரண்டும் சோடி. வைத்தியரிடம் ஒன்றைக் கொண்டுபோன நாளில் மற்றது நெஞ்சு இறகைப் பிடுங்கிவிட்டது.

மனிசியிடம் சொன்னேன். "இஞ்சாருங்கோ, உங்களுக்கே இழுப்பு. இவையளின்ரை தூளை ஆர் சுவாசிக்கிறது? உங்களுக்குப் பிறகு ஆர் பாக்கிறது?" என்று கேட்டாள். நியாயமான கேள்வி. இந்த வரலாறு முழுக்கவும் அந்தக் கேள்விதான் இருக்கிறது. சுல்தான் பேரரசருக்குக் கொடுத்தார், கப்பல் தலைவர் சாக உறவினர் எடுத்தார்கள், உறவினருக்குப் பிறகு தங்குவிடுதிக்காரி எடுத்தாள். நீண்டு வாழ்ந்த கொக்கட்டூக்களை யாரும் முழுக்க வைத்திருந்ததில்லை. கொஞ்சக்காலம் வைத்திருந்து அடுத்தவர் கையில் கொடுத்திருக்கிறார்கள். கொடுக்க ஆள் இல்லாத பறவைகளின் கதையை ஒருவரும் எழுதி வைக்கவில்லை.

போன ஞாயிறு கீழே போய் ஓம் என்றேன். ஒரு நிபந்தனையும் சொன்னேன். பறவை ஒவ்வொன்றுக்கும் ஒரு கடதாசி எழுதவேண்டும். என்ன சாப்பிடும், எதற்குப் பயப்படும், என்ன வருத்தம், எனக்குப் பிறகு யார். அவர் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். மூன்று மணித்தியாலம் பிடித்தது. கிழவர் இரண்டு தடவை மூக்குச் சீறினார், தூளால் என்றார்.

சோடியைத் தான் எடுப்பதாக மகள் சொல்லியிருக்கிறாள், பிரிக்க மாட்டேன் என்றும் சொன்னாள். மற்ற இரண்டின் கடதாசியிலும் கடைசி வரி இன்னும் வெறுமையாகவே இருக்கிறது. நான் இருக்கும்போதே அதை நிரப்பவேண்டும்.

உங்கள் வீட்டிலும் கிளி இருந்தால், உங்கள் வயதையும் அதன் வயதையும் ஒருக்கால் கூட்டிக் கழித்துப் பாருங்கள். பிறகு ஒரு கடதாசி எடுங்கள்.