பாட்டனின் பிறப்புச் சீட்டு

தலவாக்கலையிலிருந்து லிந்துலை, நாகசேனை வழியாக அக்கரப்பத்தனைக்குச் செல்லும் பாதையில் நான் முதன்முதலாகப் பயணம் செய்தது ஒரு மழைநாளில். அந்தப் பகுதியில் ஹோல்புரூக், டொரிங்டன், கிளாஸ்கோ என்று வெள்ளைக்காரத் துரைமார் விட்டுச்சென்ற பெயர்கள் இன்றும் தோட்டங்களின் பெயராக நிற்கின்றன. செய்தி சேகரிக்கச் சென்ற என்னை ஒரு லயத்தில் உட்காரவைத்து, பால் கலக்காத தேநீர் தந்து, முதியவர் ஒருவர் தம் தகரப்பெட்டியைத் திறந்து காட்டினார். செக்ரோலில் பெயர் இருந்ததற்கான துண்டுக் காகிதம், குடியுரிமை விண்ணப்பம் நிராகரிக்கப்பட்ட கடிதம், மஞ்சள் படிந்த சில ரசீதுகள்.

"நான் பொறந்தது இந்தத் தோட்டத்துல. எங்க அப்பா பொறந்ததும் இங்கதான். அதுக்குக் கடுதாசி கேட்டாங்க. கடுதாசி எங்க இருக்கு, தம்பி?" என்றார். சற்று நேரம் கழித்து இன்னொன்றும் கேட்டார். "எங்க பேரைச் சொல்லிச் சட்டம் போடலன்னு சொல்றாங்களே, அப்ப அது எங்க மேல மட்டும் எப்படி விழுந்துச்சு?"

அமெரிக்காவில் தேர்தல் காலம் வந்தால் இனவாதம் என்பது எது என்ற சர்ச்சையும் கூடவே வந்துவிடும். வாக்காளர் அடையாள அட்டை கேட்பது இனவாதமா, தொகுதி எல்லையை மாற்றுவது இனவாதமா என்று வாதிடுவார்கள். சட்டத்தில் நிறத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லையே என்பது ஒரு தரப்பு. வரிசையிலிருந்து வெளியேற்றப்படுபவர் யார் என்று பாருங்கள் என்பது மறு தரப்பு. அந்த வாதங்களைப் படிக்கும்போதெல்லாம் அக்கரப்பத்தனை முதியவரின் கேள்வியே என் நினைவுக்கு வருகிறது. ஏனெனில் அதே வழக்கை நம் மக்கள் 1950-களிலேயே நடத்தி, தோற்றும் போயிருக்கிறார்கள்.

1946-ஆம் ஆண்டுக் குடிமதிப்பின்படி இந்தியத் தமிழர் ஏறத்தாழ 7,80,000 பேர். நாட்டின் மக்கள்தொகையில் நூற்றுக்குப் பன்னிரண்டு பேர் என்று கொள்ளலாம். 1947 பொதுத் தேர்தலில் நுவரெலியாவில் தொண்டமான், தலவாக்கலையில் சி. வி. வேலுப்பிள்ளை, நாவலப்பிட்டியில் இராஜலிங்கம், கொட்டகலையில் குமாரவேலு என்று இலங்கை இந்தியக் காங்கிரசின் வேட்பாளர்கள் வென்றனர். வேறு சில தொகுதிகளில் தோட்டத் தொழிலாளரின் வாக்குகள் இடதுசாரிகளுக்குக் கைகொடுத்தன. 1948 பெப்ரவரி 4-இல் சுதந்திரம் வந்தது. அதே ஆண்டு நவம்பர் 15-இல் 18-ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் நடைமுறைக்கு வந்தது.

அச்சட்டம் சொன்னது இதுதான்: இலங்கையில் பிறந்த ஒருவர் வம்சாவளியால் குடிமகனாக வேண்டுமானால் அவருடைய தந்தை இலங்கையில் பிறந்திருக்க வேண்டும், அல்லது தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் இலங்கையில் பிறந்திருக்க வேண்டும். தமிழர் என்றோ இந்தியர் என்றோ அந்தப் பிரிவில் ஒரு சொல் கிடையாது. எல்லோருக்கும் ஒரே அளவுகோல்!

நாட்டுப்புறச் சிங்களக் குடியானவரின் பாட்டனுக்கும் பிறப்புச் சான்றிதழ் இருந்ததில்லை. ஆனால் அவரிடம் அதை எவரும் கேட்கவில்லை. அவர் குடிமகன் என்பது கேளாமலே ஏற்றுக்கொள்ளப்பட்டது. கேட்கப்பட்டவர் தேயிலைத் தோட்டத்தில் இருந்தவர்.

அடுத்து வந்தது 1949-ஆம் ஆண்டின் 3-ஆம் இலக்க இந்திய பாகிஸ்தானிய வதிவோர் குடியுரிமைச் சட்டம். மணமானவர் 7 ஆண்டுகளும் மணமாகாதவர் 10 ஆண்டுகளும் தொடர்ந்து வசித்ததை நிரூபித்து விண்ணப்பிக்கலாம் என்றது அது. 8 லட்சத்துக்கும் மேற்பட்டோருக்காக விண்ணப்பங்கள் சென்றன. குடியுரிமை பெற்றவர்கள் சுமார் 1,34,000 பேர். இங்கே வாசகர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். உரிமையைப் பறித்த பிரிவில் எந்தச் சமூகத்தின் பெயரும் இல்லை. கையேந்தி விண்ணப்பிக்கச் சொன்ன சட்டத்தின் தலைப்பிலேயே பெயர் இருந்தது. யாரிடமிருந்து பறிக்கப்பட்டது என்பதை அரசு அறிந்தே இருந்தது என்பதற்கு வேறு சாட்சி எதற்கு?

அதே ஆண்டில் தேர்தல் சட்டமும் திருத்தப்பட்டது. குடிமக்களுக்கே வாக்கு என்றானது. ருவான்வெல்லைத் தொகுதியில் வாக்காளர் பட்டியலில் சேர்க்கப்படாத கோடாக்கன்பிள்ளை என்பவர் வழக்குக்குப் போனார். சோல்பரி அரசியலமைப்பின் 29(2) பிரிவு, மற்றச் சமூகத்தவர் மீது சுமத்தப்படாத தடையை ஒரு சமூகத்தவர் மீது மட்டும் சுமத்தும் சட்டத்தை இயற்ற நாடாளுமன்றத்துக்கு அதிகாரம் இல்லை என்றது. அந்தப் பிரிவையே அவர் நம்பினார். கொழும்பு உயர் நீதிமன்றம் அவருக்கு எதிராகத் தீர்த்தது. 1953-இல் லண்டன் பிரிவி கவுன்சிலும் அவரது மேன்முறையீட்டைத் தள்ளியது. தன் குடிமக்கள் யார் என்று தீர்மானிப்பது சட்டமன்றத்தின் இயல்பான பணி. பிறப்பு, வதிவு போன்ற தகுதிகள் இனத்தையோ நிறத்தையோ அடிப்படையாகக் கொண்டவை அல்ல. இந்தியத் தமிழர் விண்ணப்பிக்கத் தனிச் சட்டமே இருக்கிறது என்பது தீர்ப்பின் சாரம்.

இந்தத் தீர்ப்பை அமெரிக்க வரலாற்றோடு வைத்துப் பார்க்க வேண்டும். அடிமை முறை ஒழிந்தபின் தென் மாநிலங்கள் சில, வாக்காளருக்கு எழுத்தறிவுத் தேர்வு வைத்தன. வெள்ளையரிலும் எழுத்தறியாதார் உண்டு அல்லவா? அவர்களைக் காப்பாற்ற ஒரு விதிவிலக்கு செய்தன. 1860-களில் குறிப்பிட்ட ஒரு தேதிக்கு முன் வாக்குரிமை பெற்றிருந்தவரின் வழித்தோன்றலுக்குத் தேர்வு இல்லை! 'பாட்டன் விதி' என்றே அதற்குப் பெயர் வழங்கியது. அந்தத் தேதியில் கறுப்பரின் பாட்டன் அடிமையாக இருந்தான், அல்லது வாக்கு மறுக்கப்பட்டவனாக இருந்தான். அவ்விதியிலும் நிறம் பற்றி ஒரு சொல் இல்லை. ஆனால் 1915-இல் ஒக்லஹோமா மாநில வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அதைச் செல்லாது என்றது. தீர்ப்பெழுதிய தலைமை நீதிபதி எட்வர்ட் வைட், இளமையில் தெற்குப் படையில் இருந்தவர். அவரே அந்தத் தேதிக்கு வேறு பொருள் இருக்க முடியாது என்று கண்டார்.

பாட்டனைக் கேட்ட அமெரிக்க விதி 1915-இல் விழுந்தது. பாட்டனையும் பூட்டனையும் கேட்ட இலங்கைச் சட்டம் 1953-இல் நிலைத்தது. அமெரிக்காவிலும் சர்ச்சை அத்துடன் தீரவில்லை. விளைவு மட்டும் போதாது, உள்நோக்கம் வேண்டும் என்று 1976-இல் அதே நீதிமன்றம் சொன்னது. வாக்குரிமையைப் பொறுத்தவரை விளைவையும் பார்க்க வேண்டும் என்று 1982-இல் அந்நாட்டுக் காங்கிரஸ் சட்டத்தைத் திருத்தியது.

நியாயமாக மறுதரப்பையும் சொல்ல வேண்டும். கண்டிச் சிங்களக் குடியானவரின் குறை பொய்யானதன்று. 1840-ஆம் ஆண்டு நிலச் சட்டத்தின் மூலம் காடும் சேனையும் முடிக்குரியதாகி, பின்னர் தோட்டமாயின. தம் மலைகளில் தாமே சிறுபான்மை ஆகிவிடுவோமோ என்று அவர்கள் அஞ்சினார்கள். ஆனால் நிலத்தை எடுத்தவர் துரை. கணக்குத் தீர்க்கப்பட்டது கொழுந்து கிள்ளியவரிடம்.

அன்றைய அரசியல்வாதிகள் இதற்கு வைத்த பெயர்களும் பலவாறானவை. அரசாங்கம் இதை நாட்டின் இறைமை என்றது. என். எம். பெரேரா, கொல்வின் ஆர். டி சில்வா போன்ற இடதுசாரிகள் தொழிலாளி வர்க்கத்தின் மீதான தாக்குதல் என்று எதிர்த்தார்கள். எஸ். ஜே. வி. செல்வநாயகம் இது தமிழர் மீதான அடி, நாளை நம் மொழி மீதும் விழும் என்றார். ஜி. ஜி. பொன்னம்பலம் 1948 ஆகஸ்டில் முதற் சட்டத்தை எதிர்த்து வாக்களித்தார். அமைச்சரான பின் டிசம்பரில் இரண்டாவது சட்டத்தை ஆதரித்தார். அந்தப் பிளவிலிருந்தே 1949 டிசம்பரில் தமிழரசுக் கட்சி பிறந்தது. 1956-இல் தனிச் சிங்களச் சட்டம் வந்தபோது செல்வநாயகத்தின் எச்சரிக்கை உண்மையானது.

நம்மவர் இதில் ஒரு கணம் நின்று யோசிக்க வேண்டும். 'தோட்டக்காட்டான்' என்ற சொல்லை உண்டாக்கியவர்கள் சிங்களவர் அல்லர். அது தமிழ்ச் சொல், தமிழர் வீடுகளில் புழங்கிய சொல். பிற்காலத்தில் தாயகம் திரும்பி நீலகிரியில் கூடலூரிலும் கோத்தகிரியிலும் குடியேறியவர்களைத் தமிழ்நாட்டில் 'சிலோன்காரர்' என்றார்கள். இரு கரையிலும் அவர்கள் அந்நியரானார்கள். அவர்களை நாங்கள் வெறுக்கவில்லையே என்று நாம் சொல்வதும், சட்டத்தில் பெயர் இல்லையே என்று அரசு சொன்னதும் ஒரே வகை வாதம்தான்.

அதன்பின் நடந்தவை சுருக்கமாக: 1952 தேர்தலில் மலையகத்தின் குரல் நாடாளுமன்றத்தில் இல்லை. 1964 அக்டோபர் 30-இல் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் 9,75,000 பேரைக் கணக்கெடுத்து, 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் ஒதுக்கி, மீதி 1,50,000 பேரைப் பின்னர் பார்க்கலாம் என்று வைத்தது. அவர்களை 1974-இல் சரிபாதியாகப் பிரித்தார்கள். தொண்டமான் மீண்டும் மக்கள் வாக்கால் நாடாளுமன்றம் சென்றது 1977-இல்தான். 2003-இல், 1964 அக்டோபர் 30 முதல் நிரந்தரமாக வசித்தோருக்கும் அவர்களின் வழித்தோன்றல்களுக்கும் குடியுரிமை வழங்கும் சட்டம் நிறைவேறியது. 55 ஆண்டுகள் கழிந்திருந்தன.

இத்தனை ஆண்டுகள் பத்திரிகைத் தொழிலில் இருந்தபின் எனக்குத் தோன்றுவது இதுதான். ஒரு சட்டத்தில் இனவாதம் இருக்கிறதா என்று அறிய அதை எழுதியவரின் நெஞ்சைப் பிளந்து பார்க்க வேண்டியதில்லை. அதன் சொற்களை மட்டும் எண்ணிக்கொண்டிருப்பதிலும் பயனில்லை. யாரிடம் சான்று கேட்கிறார்கள், யாரிடம் கேட்பதே இல்லை என்று பார்த்தால் போதும்.

முதியவரின் கேள்விக்கு அன்று நான் பதில் சொல்லவில்லை. பெட்டியை மூடி அதைக் கட்டிலுக்கடியில் தள்ளியபோது அவர், "இதைத் தூக்கிப் போடச் சொல்றான் பேரன். போடமாட்டேன். திரும்பவும் கேட்டாங்கன்னா?" என்றார்.