கராஜ் கதவுச் சுருள்வில்
வட அமெரிக்க வீடுகளின் கராஜில் மேலேறும் கதவின் எடையைத் தாங்குவது மோட்டார் அல்ல, சுருள்வில்தான். இதில் இரு வகை உண்டு: முறுக்குவில் கதவுக்கு மேலுள்ள இரும்புத் தண்டில் இருக்கும்; இழுவில் பக்கத் தண்டவாளங்களை ஒட்டி நீளும். சாதாரண வில் சுமார் 10,000 முறை திறந்து மூடத் தாங்கும். நாளுக்கு நான்கு முறை என்றால் ஏறக்குறைய 7 ஆண்டு.

பராமரிப்பு எளிது. சுருள்களில் அவ்வப்போது எண்ணெய் பூசினால் போதும். கதவு மூடியிருக்கும்போது மோட்டார் இணைப்பைக் கழற்றி, கையால் பாதி உயரம் தூக்கிப் பார்க்கலாம். அங்கேயே நின்றால் வில் சரி. கீழே இறங்கினால் தளர்ந்துவிட்டது. உடைந்த முறுக்குவில்லில் சுருள்களுக்கு நடுவே இரண்டு விரல் நுழையும் இடைவெளி தெரியும்.

மாற்றுவதுதான் ஆபத்து. முறுக்கேறிய வில்லைத் திருப்புளியால் தளர்த்தினால் அது நழுவிக் கை எலும்பையே முறித்துவிடும். அளவான முறுக்குக் கம்பிகளும் பழக்கமும் இல்லாதவர்கள் தயவுசெய்து அதைத் தொட வேண்டாம். தொழில் தெரிந்தவரை அழையுங்கள்.