டாம்கேட் வழங்கியில் தனிப்பயன் பிழைப்பக்கம்: பழுதறிதல்

ஜாவா வலைச் செயலிகளை இயக்கும் அப்பாச்சி டாம்கேட், பிழை நேரும்போது தன் சொந்தப் பக்கத்தைக் காட்டும். இயல்புநிலையில் அந்தப் பக்கம் வழங்கியின் பதிப்பெண்ணையும், செயலி உடைந்த இடத்தைச் சொல்லும் ஸ்டாக் டிரேஸையும் வெளியிடும். பயனருக்கு இவற்றால் பயனில்லை; ஊடுருவ நினைப்பவருக்கு உண்டு. எனவே செயலியின் வெப்.எக்ஸ்எம்எல் கோப்பில் பிழை எண்ணையோ எக்ஸெப்ஷன் வகையையோ ஒரு பக்கத்தோடு இணைத்துத் தனிப்பயன் பிழைப்பக்கம் அறிவிக்கப்படுகிறது. அறிவித்தும் பக்கம் வராதபோது பலர் அந்தக் கோப்பையே திரும்பத் திரும்பத் திருத்துகிறார்கள். பக்கத்தின் முகவரி சாய்கோட்டில் தொடங்காதது போன்ற தவறுகள் அதில் இருக்கலாம்தான். ஆனால் அவற்றை டாம்கேட்டின் லாக் உடனே சொல்லிவிடும். லாக்கில் ஒன்றும் இல்லையென்றால், பதிலை அனுப்பியது யார், எந்தக் கட்டத்தில் என்றே முதலில் தேட வேண்டும்.

அறிவிப்புக்கு எல்லாக் கட்டத்திலும் அதிகாரம் இல்லை. நிரல் சென்ட்எரர் முறையை அழைத்தால் பிழைப்பக்கம் வரும். செட்ஸ்டேட்டஸ் முறையால் 404 என்று மட்டும் குறித்தால் வராது, ஏனெனில் அது பதிலின் எண்ணை மாற்றுகிறதே தவிர, பிழை நடந்ததாக வழங்கிக்குச் சொல்வதில்லை. எக்ஸெப்ஷனைச் செயலியின் ஃபிரேம்வொர்க்கே பிடித்துப் பதில் எழுதிவிட்டாலும் இதே நிலைதான். பதிலின் முதல் பகுதி உலாவிக்குப் போய்விட்டால் நிலைமை இன்னும் கடினம். டாம்கேட்டின் இயல்பான இடையகம் 8192 பைட். நீண்ட பக்கம் அதைத் தாண்டிய பிறகு நிரல் உடைந்தால், போனதைத் திரும்பப் பெற வழியில்லை, பாதிப் பக்கமே எஞ்சும். வேறு சில கோரிக்கைகள் செயலியை எட்டுவதே இல்லை. வடிவம் கெட்ட கோரிக்கைக்கு டாம்கேட்டே 400 என்று பதில் தந்துவிடும். எந்தச் செயலிக்கும் உரியதல்லாத முகவரி ரூட் செயலிக்குப் போகும். அங்கே பக்கம் அறிவிக்கப்படவில்லை என்றால் உங்கள் செயலியின் அறிவிப்பு பொருந்தாது. பிழைப்பக்கமாக வைத்த ஜேஎஸ்பியே உடைந்தாலும் டாம்கேட்டின் பக்கம்தான் தலைகாட்டும்.

இத்தனை சிக்கல் எதற்கு, டாம்கேட்டுக்கு முன்னால் நிற்கும் எஞ்ஜின்எக்ஸ் வழங்கியே எல்லாப் பிழைக்கும் பக்கம் காட்டட்டுமே என்ற வாதம் உண்டு. டாம்கேட் நின்றுபோன வேளையில் எழும் 502க்கு அது சரியே. அப்போது பேச வேறு யாரும் இல்லை. மற்றவற்றுக்கும் அதையே நம்பினால், ஏபிஐ தரும் ஜேசன் பிழைச்செய்தியின் இடத்தில் ஒரு எச்டிஎம்எல் பக்கம் போய்ச் சேரலாம். எந்த எக்ஸெப்ஷன் என்ற விவரமும் அந்தப் பக்கத்துக்குக் கிட்டாது. ஆகவே சோதனையின்போது முன்வழங்கியை விலக்கி, டாம்கேட்டின் 8080 போர்ட்டை கர்ல் கொண்டு நேராகக் கேட்பதே நல்ல தொடக்கம். பக்கத்தோடு நிலை எண்ணையும் பாருங்கள்: அழகான பிழைப்பக்கம் 200 என்ற எண்ணோடு வந்தால், பழுது இன்னும் தீரவில்லை.