பயனாளியா, உரிமையாளரா? அமெரிக்கத் தூய காற்றுச் சட்டத்தின் 138-ஆம் பிரிவு குறித்து

சூழல் நீதிக்கென அமெரிக்கக் காங்கிரஸ் 2022-இல் ஒதுக்கிய 300 கோடி டாலர் மூன்றே ஆண்டுகளில் ஏன் நிலைகுலைந்தது? இத்துறை எழுத்துகள் இதற்கு ஆட்சி மாற்றம் என்ற ஒரே விடையைத்தான் பெரும்பாலும் தருகின்றன. 2025 ஜனவரியில் பைடன் கால ஆணைகளோடு 1994-ஆம் ஆண்டின் கிளிண்டன் ஆணையும் ரத்தாயிற்று. அடுத்த சில மாதங்களில் நூற்றுக்கணக்கான மானியங்கள் பாதியில் நிறுத்தப்பட்டன. ஜூலையில் காங்கிரசே எஞ்சிய நிதியைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. நிகழ்வுகளின் இந்த வரிசையில் பிழையில்லை. ஆனால் வரிசையையே காரணமாகக் கொள்வதை என்னால் ஏற்க இயலவில்லை. ஆட்சி மாறும்போது எல்லாத் திட்டங்களும் ஒன்றுபோல் வீழ்வதில்லை. இத்திட்டம் இவ்வளவு எளிதில் வீழ்ந்ததற்கான காரணத்தை அதை உருவாக்கிய சட்ட வாசகத்திலேயே தேட வேண்டும் என்று கருதுகிறேன்.

அந்த வாசகம், பணவீக்கக் குறைப்புச் சட்டம் தூய காற்றுச் சட்டத்தில் புதிதாகச் சேர்த்த 138-ஆம் பிரிவு. மானியங்களுக்கு 280 கோடி டாலர், தொழில்நுட்ப உதவிக்கு 20 கோடி டாலர், இரண்டுக்கும் 2026 செப்டம்பர் 30 வரை கெடு. இப்பிரிவின் மையக் கூற்றைப் பின்வருமாறு தொகுக்கலாம்: சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் தலைவர், தாம் வரையறுக்கும் நலிவுற்ற சமூகங்களுக்குப் பயன்தரும் பணிகளுக்காக, தகுதியுள்ள அமைப்புகளுக்கு, அதிகபட்சம் மூன்றாண்டுக் காலத்துக்கு மானியம் வழங்க வேண்டும். சமூக அடிப்படையில் இயங்கும் இலாப நோக்கற்ற அமைப்போ, அத்தகைய அமைப்புகளின் கூட்டோ தகுதியுடையவை. பழங்குடி அரசு, உள்ளாட்சி, உயர்கல்வி நிறுவனம் ஆகியவை அத்தகைய அமைப்பொன்றுடன் இணைந்தால் தகுதி பெறும்.

இப்பிரிவு குறித்த முந்தைய எழுத்துகள் இக்கூற்றின் இரு கூறுகளைப் போற்றின. ஒன்று, வழங்குவதைச் சட்டம் கடமையாக்கியது. மற்றொன்று, மாநில அரசுகளைத் தவிர்த்துவிட்டுப் பணம் சமூக அமைப்புகளை நேராகச் சேர வழி செய்தது. இரண்டாவது அம்சத்தின் மதிப்பை நானும் குறைத்துச் சொல்ல மாட்டேன். மாநிலங்களின் கையில் சிக்கி வற்றிப்போன நிதிகளின் வரலாறு நீண்டது. ஆயினும் அக்கூற்றில் யார் எங்கே நிற்கிறார்கள் என்பதைப் பார்க்க வேண்டும். கொடுப்பவர் முகமைத் தலைவர். பெறுபவர் விண்ணப்பித்து வென்ற அமைப்பு. சட்டம் உறவு ஏற்படுத்துவது இந்த இருவருக்கிடையில் மட்டுமே. நலிவுற்ற சமூகம் ‘பணி’ என்பதை விளக்கும் துணைத்தொடரில் பயனாளியாக வருகிறது, அவ்வளவே. எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையின் சுவரை ஒட்டி வாழும் ஒருவருக்கு, அங்கே வாழ்கிறார் என்பதனாலேயே இப்பிரிவின் கீழ் எதுவும் சேர வேண்டியதில்லை. அவருடைய ஊர் வரையறைக்குள் வருமா என்பதைக்கூட முகமைத் தலைவர்தான் முடிவுசெய்வார். பிரிவு அனுமதிக்கும் ஐந்து வகைப் பணிகளில் கடைசியானது, ஆலோசனைக் குழுக்களிலும் விதியாக்க நடைமுறைகளிலும் இச்சமூகங்கள் பங்கேற்க உதவுவது. பிற விதிகளைப் பற்றிப் பேச அவர்களுக்கு உதவிய காங்கிரஸ், இந்தப் பணத்தைப் பகிர்வதில் அவர்களுக்கு ஓர் இடமும் வைக்கவில்லை.

இந்த அமைப்பின் விளைவு 2025-இல் நீதிமன்றங்களில் வெளிப்பட்டது. மானியம் இழந்தோர் கூட்டாகத் தொடுத்த வழக்கை வாஷிங்டன் மாவட்ட நீதிமன்றம் ஆகஸ்டில் தள்ளுபடி செய்தது. அதற்கு முன் ஏப்ரல் 4 அன்று, கல்வித்துறை மானியங்கள் குறித்த வேறொரு வழக்கில், இத்தகைய பூசல்கள் டக்கர் சட்டத்தின்படி கூட்டாட்சி உரிமைகோரல் நீதிமன்றத்துக்கு உரியவை என்ற திசையில் உச்ச நீதிமன்றம் சென்றிருந்தது. அது இடைக்கால ஆணைதான். அதன் மேல் அதிகப் பாரம் ஏற்றக் கூடாது. ஆனாலும் அது காட்டும் பார்வை தெளிவானது: மானியம் என்பது ஒப்பந்தம், அதை முறிப்பது பணப் பூசல். உரிமைகோரல் நீதிமன்றம் இழப்பீடு தரலாம். திட்டத்தை மீட்டுத் தருவது அதன் வழக்கமன்று. காங்கிரஸ் திரும்பப் பெற்றது இன்னும் யாருக்கும் ஒப்படைக்கப்படாத தொகையை மட்டுமே, எனவே ஏற்கெனவே வழங்கிய மானியங்கள் தொடரவே அது விரும்பியது என்ற வாதம் எனக்கு வலுவானதாகவே படுகிறது. ஆனால் எந்த நீதிமன்றம், யாருடைய உரிமை என்ற கேள்விகளுக்கு அந்த வாதத்தில் விடையில்லை.

அலாஸ்காவின் கிப்னக் கிராமத்தை என் வாசிப்புக்கு மறுப்பாகக் காட்டலாம். யூபிக் மக்கள் வாழும் அவ்வூரில் மானியம் பெற்றது பழங்குடி அரசே. பெறுபவரும் சமூகமும் அங்கே வேறல்லர். ஆற்றங்கரை அரிப்பைத் தடுப்பதற்கான சுமார் 2 கோடி டாலர் மானியம் 2025 மே மாதம் ரத்தானது. அக்டோபரில் ஹாலோங் சூறாவளியின் எச்சம் கொண்டுவந்த வெள்ளம் ஊரைச் சிதைத்து மக்களை வெளியேற்றியது. மானியம் நீடித்திருந்தால் ஊர் தப்பியிருக்கும் என்று நான் சொல்லவில்லை. ஐந்து மாதத்தில் கரை எழும்பியிருக்காது. நான் சுட்டுவது வேறு. தன் நிலத்தில் தானே நின்ற அந்தச் சமூகமும் சட்டத்தின் முன் வெறும் மானியதாரராகவே நிற்க நேர்ந்தது. ஆகவே கிப்னக் என் வாசிப்பை மறுக்கவில்லை, உறுதிசெய்கிறது.

எந்த ஊர் நலிவுற்றது எனக் காட்டும் வரைபடக் கருவியில் இனத்தை ஓர் அளவுகோலாகச் சேர்க்காததே அடிப்படைக் குறை என்போர் உண்டு. குறைதான், ஆனால் அதைச் சரிசெய்திருந்தாலும் இந்த மானியங்கள் இதே வழியில்தான் ரத்தாகியிருக்கும்.

இன்னொரு எதிர்வாதம் கனமானது. பணவீக்கக் குறைப்புச் சட்டம்போல் வரவுசெலவு இணக்க (reconciliation) நடைமுறையில் நிறைவேறும் சட்டத்தில் இதற்குமேல் எழுத இயலாது என்பது அது. வரலாறு அப்படிச் சொல்லவில்லை. குழந்தைகள் உடல்நலக் காப்பீட்டுத் திட்டம் 1997-இல் அதே நடைமுறையில்தான் பிறந்தது. சூத்திரப்படி மாநிலங்களுக்குப் பணம் தருவது கூட்டாட்சி அரசின் கடப்பாடு என்று அச்சட்டம் எழுதிவைத்தது. 2017 செப்டம்பரில் அதன் நிதிக் கெடு முடிந்தபோது கேட்பதற்கு உரியவர்கள் இருந்தார்கள். 2018 ஜனவரியில் காங்கிரஸ் அதை நீட்டித்தது. மாநிலத்துக்குப் பதில் மாசுபட்ட வட்டாரங்களையும் பழங்குடி அரசுகளையும் அந்த இடத்தில் வைப்பது கடினம்தான். இயலாதது என்று சொல்ல எனக்குக் காரணம் தெரியவில்லை.

138-ஆம் பிரிவுக்கான பணம்தான் திரும்பப் பெறப்பட்டது, பிரிவு நீக்கப்படவில்லை. அதற்கு மீண்டும் நிதி ஒதுக்கக் கோருவோர், முகமைத் தலைவரின் வரையறை, மூன்றாண்டு வரம்பு, சமூகத்துக்கு வழக்குரிமை இன்மை ஆகியவற்றைத் திருத்தும்படி முதலில் கோர வேண்டும். அதற்கு முன் அப்பிரிவில் ஒரு டாலரும் சேர்க்கக் கேட்கலாகாது.